கடலோர ஊரில் இலவசத் தப்பு வகுப்பு: ஆசானின் கூலியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: "இராமநாதபுரம் கடலோரத்தில் எங்கள் ஊரில் தப்பு என்கிற பறையை அடிக்கத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். அவர்கள் பிள்ளைகள் யாரும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்த நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? கடைசிவரை நிலைக்குமா?"

தம்பி, நல்ல காரியத்தில் இறங்குகிறீர்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து சாயல்குடிப் பக்கம் வரை இப்படி வகுப்பு தொடங்கியவர்கள் சிலரோடு கூட இருந்து வேலை பார்த்திருக்கிறேன். நிலைத்ததையும் பார்த்திருக்கிறேன், ஆறு மாதத்தில் கலைந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

இலவசம் என்பது பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஆசானுக்கு அல்ல. இதை நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். "கலையை வளர்க்கத்தானே செய்கிறோம், பெரியவர் சும்மா வந்து சொல்லிக்கொடுக்கட்டுமே" என்று நல்ல மனதோடு கேட்பவர்கள் நிறையப் பேர். அவரும் மறுக்க மாட்டார். ஊர் கேட்டு அந்த வீடு எந்தக் காலத்தில் மறுத்தது? அவருடைய அப்பா காலத்தில் ஊரில் ஒரு சாவு விழுந்தால் பக்கத்து ஊர்களுக்கு நடந்தே போய்ச் சேதி சொல்ல வேண்டும், பாடைக்கு முன்னால் அடித்துக்கொண்டு போக வேண்டும், கோயிலில் காப்புக் கட்டினால் ஊருக்குச் சாட்ட வேண்டும். கூலி என்பது அறுவடைக் களத்தில் அள்ளிப் போடுகிற நெல்தான், அதுவும் கொடுக்கிறவர் மனசுப்படி. அந்த வீட்டு மனிதரிடம் மறுபடியும் போய்ச் "சும்மா செய்யுங்கள்" என்றால், அது பெயர் மாறிய அதே ஊழியம். உங்கள் வகுப்பு அப்படித் தொடங்கினால் அவருடைய பேரன்கூட அங்கே வந்து உட்கார மாட்டான்.

பிள்ளைகள் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சினிமாப் பாட்டும் கைப்பேசியும் வந்துவிட்டதால் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் யோசித்துத்தான் விட்டார்கள். நம் மாவட்டத்தின் கதை அப்படி. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகள் விதிக்கப்பட்டன. 1931 ஜூனில் அது 11 ஆயிற்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, தங்க நகை கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்ற வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது: தங்கள் கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளம் வைத்துக்கொள்ளக் கூடாது. யோசித்துப் பாருங்கள். ஊரார் வீட்டு இழவுக்கு அடித்துத்தான் ஆக வேண்டும். தன் மகள் கல்யாணத்துக்கு மேளச் சத்தம் கேட்கக் கூடாது. அந்த ஞாபகம் வீடுகளுக்குள் இன்னும் இருக்கிறது. தப்பைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுப் படிக்கப் போனதும், துபாய்க்குப் போனதும், தானும் மனிதன் என்று நிமிர்ந்து நிற்பதற்காகத்தான். ஆகவே வகுப்புக்குப் பிள்ளைகளைக் கேட்டுப் போகும்போது, "நம் கலை அழியலாமா" என்று அந்த வீட்டு வாசலில் நின்று பேசாதீர்கள். அந்தப் பொறுப்பை இத்தனை காலமும் சுமந்தவர்களுக்கு நாம் அறிவுரை சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பு எப்படி நடக்கும், ஆசானை எப்படி நடத்துவோம், எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் சேர்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது.

சரி, ஆசானுக்கு எவ்வளவு கொடுப்பது? உங்கள் ஊரில் கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி என்னவோ அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேர வகுப்பு என்றாலும் அதில் பாதிக்குக் குறையாமல், வகுப்பு முடிந்த அன்றைக்கே, கையில் கொடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக என்று தள்ளினால் அவரே வாய் திறந்து கேட்கிற நிலை வரும், அது வரக் கூடாது. இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். இருவரையும் சேர்த்தே அழையுங்கள். ஒருவரை மட்டும் பிடித்தால் மற்றவர் மனம் கோணும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தப்பில் ஒருவர் அடியை எடுக்க இன்னொருவர் பிடிக்க வேண்டும். அந்தப் பேச்சும் மறுபேச்சும் ஒரே ஆளிடமிருந்து பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

பணம் எங்கிருந்து? வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் கோயில் கட்டவும் பள்ளிவாசல் வர்ணம் அடிக்கவும் கொடுக்கிறவர்கள்தான். பத்துப் பேர் மாதாமாதம் ஒரு சிறு தொகை என்று ஒப்புக்கொண்டால் ஆசான் கூலிக்குப் போதும். ஒரே ஒருவர் பெரிய தொகை தருகிறேன் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அவர் படம் போட்ட பேனரில் தொடங்கி, அவர் வீட்டு விசேஷத்துக்குப் பிள்ளைகள் வந்து அடிக்க வேண்டும் என்பதில் போய் முடியும். வரவையும் செலவையும் வகுப்பு நடக்கும் சுவரிலேயே சுண்ணக்கட்டியால் எழுதிவிடுங்கள். கேள்வி கேட்கிறவர்களுக்கு வேலை மிச்சம்.

இடம். இதில்தான் பலர் அவசரப்படுவார்கள். கோயில் மண்டபம் வசதியாக இருக்கும், விளக்கும் இருக்கும். ஆனால் ஊரில் எல்லா வீட்டுப் பிள்ளையும் அங்கே தயங்காமல் ஏறி உட்காருமா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் புயல் பாதுகாப்புக் கட்டடம் இருக்கிறது. புயலுக்கு எல்லோரும் ஒன்றாகப் போய்ப் படுக்கிற இடம். மற்ற நாளில் பூட்டித்தான் கிடக்கும். ஊராட்சியில் எழுதிக் கேட்டால் மாலையில் திறந்து கொடுப்பார்கள். இல்லையென்றால் பள்ளிக்கூடத்து மைதானம். முளைக்கொட்டுத் திண்ணை எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற ஊர் என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆடி, ஆவணியில் பெண்கள் முளைப்பாரியை நடுவில் வைத்துக் கும்மி கொட்டுகிற இடம் அது. தாளம் ஏற்கெனவே அந்தத் திண்ணைக்குப் பழக்கம்.

எந்த இடமானாலும் ஆசானுக்கு நாற்காலி போடுங்கள். டீ வாங்கினால் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாசில், முதலில் அவருக்கு. அவர்கள் வயதுக்கு இருவரையும் 'ஐயா' என்றோ 'ஆசான்' என்றோ பிள்ளைகள் கூப்பிடட்டும். ஊரில் சின்னப் பையன்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இருந்தால் அது வகுப்பு வாசலோடு நிற்க வேண்டும். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் அவரை நிர்வாகத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மதுரை அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்குப் பறைக்காக 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மரியாதை டெல்லியிலிருந்து வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி கருவி. கடலோரத்தில் தப்பு வைத்துக்கொள்வது மதுரையில் வைத்துக்கொள்வதுபோல் அல்ல. உங்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

தப்பின் சட்டம் மூன்று வளைந்த கட்டைகள் சேர்ந்தது. வேம்பு அல்லது பூவரசு. இரும்புப் பட்டை வைத்து மூன்றையும் வட்டமாக இணைத்திருப்பார்கள். அதன்மேல் கன்றுத் தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கி, ஈரத்தோடு இழுத்துப் போர்த்தி, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையால் ஒட்டுவார்கள். ஆணி கிடையாது, கயிறு கிடையாது. பசையும் தோலின் இழுவையும்தான் அந்தச் சத்தத்தைத் தாங்குகிறது. நம் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பி மழை பிடித்துக்கொண்டால் தோல் தண்ணீரைக் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் 'கணீர்' என்பதற்குப் பதில் 'பொத்' என்று இருக்கும். பசையில் பூஞ்சை பிடிக்கும், ஓரம் விடும். பூச்சியும் அந்தப் பசைக்குத்தான் வரும். ஆகவே தரையில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, அடுப்படிக்குப் பக்கத்துச் சுவரில் உயரமாக மாட்டிவையுங்கள். விறகடுப்பு எரிகிற வீடு ஒன்று ஊரில் இருந்தால் மழைக்காலத்துக்கு அந்த வீட்டில் கொடுத்துவையுங்கள்.

வகுப்புக்கு முன்னால் காய்ச்சுவது தனிக் கலை. ஆசான் காய்ச்சும்போது பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த ஓலையைக் கொஞ்சம் குவித்துக் கொளுத்துவார். கருவேலங்கரி நம் பக்கம் மலிவுதான், ஆனால் கரியின் சூடு ஒரே இடத்தில் நின்று தோலைச் சுடும். ஓலைத் தீ எழும்பி அடங்கிவிடும், கைக்கு அடங்கிய சூடு. தப்பைத் தீக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பிடித்து, தோல் பக்கம் கீழே பார்க்க, மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். நிறுத்தவே மாட்டார். நடுநடுவே எடுத்து விரல் நுனியால் ஓரத்தில் சுண்டுவார், பிறகு நடுவில் சுண்டுவார். ஓரமும் நடுவும் ஒரே குரலில் பேசுகிறவரை தீக்கும் காதுக்குமாகப் போய் வரும். ஓரம் கூர்மையாகி நடு இன்னும் மந்தமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் காட்டுவார். சூடு ஒரு பங்கு கூடினாலும் அடிக்கிறபோது தோல் கிழிந்துவிடும். அது கிழிகிற சத்தம் வகுப்பையே நிறுத்திவிடும். இந்தக் காது வர ஒரு பிள்ளைக்கு இரண்டு மழைக்காலமாவது வேண்டும். அடிக்கத் தெரிந்தவன் பாதி, காய்ச்சவும் தெரிந்தவன்தான் முழு ஆள்.

ஃபைபர் பறை வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்குங்கள். திருகாணியை முடுக்கினால் சத்தம் ஏறும், மழைக்குப் பயமில்லை, சின்னப் பிள்ளைகள் கையாளத் தோது. தோலைத் தொடத் தயங்குகிற வீட்டுப் பிள்ளையும் முதலில் அதைத் தொட்டுப் பழகும். ஆனால் வகுப்பில் இருக்கிற எல்லாமே ஃபைபராக இருக்கக் கூடாது என்பது என் கருத்து. தோலின் நடுவில் அடிக்குச்சி விழும்போது வருகிற கனம் அதில் வராது, ஆசான்கள் அதைக் கையில் எடுத்த உடனே முகம் சுளிப்பார்கள். மூன்று ஃபைபர், மூன்று தோல் என்று தொடங்குங்கள். ஆறு கருவியை வைத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பழகலாம். காத்திருக்கிற ஆறு பேரும் வாயால் சொல்லிக்கொண்டும் காலால் மிதித்துக்கொண்டும் இருப்பார்கள், அதுவும் பாடம்தான்.

சட்டம் செய்ய ஆள் இல்லை என்று மதுரைக்கு ஓட வேண்டாம். படகு கட்டும் ஓடாவி நம் கரையில் இருக்கிறார். வளைவுக்கு ஏற்ற கட்டையைத் தேடி எடுத்து இழைத்துப் பழகிய கை அது. ஒரு பழைய தப்பைக் கொண்டுபோய்க் காட்டினால் அளவெடுத்துச் செய்துவிடுவார். தோல் போர்த்துவதை மட்டும் ஆசானிடமே, அல்லது அவர் கை காட்டுகிறவரிடம், உங்கள் குழுவில் ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பு நின்றுபோன ஊர்களில் பெரும்பாலும் நின்றது ஆர்வம் இல்லாமல் அல்ல. கருவிகள் ஒவ்வொன்றாகக் கிழிந்து, பழுது பார்க்க ஆளில்லாமல் மூலையில் சாய்ந்து, பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த்தான்.

பாடத்துக்கு வருகிறேன். ஆசானுக்கு அவர் முறை உண்டு, அதில் தலையிடாதீர்கள். ஆனால் அவர்கள் கற்றது வகுப்பில் அல்ல. அப்பா பின்னால் நடந்து நடந்து காதில் விழுந்தது. பன்னிரண்டு பிள்ளைகளை வரிசையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது அவர்களுக்கும் புதிது. உங்களில் ஒருவர் பக்கத்தில் இருந்து அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் தப்பையே தொட வேண்டாம். சொல் வாயில் வந்தால்தான் கையில் வரும். 'தகக்கு தக்கு' என்று வாயால் சொல்லி உள்ளங்கையில் தட்டட்டும், அப்புறம் பழைய டயரில் குச்சி பிடித்து அடிக்கட்டும். வலக்கையில் அடிக்குச்சி, குட்டையாகத் தடியாக, பூவரசில் செதுக்கியது. இடக்கையில் சுண்டுக்குச்சி, நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு. பிள்ளைகள் எல்லோரும் வலக்கையில்தான் கவனம் வைப்பார்கள், சத்தம் அதில்தான் பெரிதாக வருகிறது. தப்பை இடத்தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே, அந்தக் கையின் மணிக்கட்டை மட்டும் சுண்டுவதுதான் கடினம். விரலுக்கும் குச்சிக்கும் நடுவே காற்று போக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும். இடக்கையை மட்டும் தனியாகப் பத்து நிமிடம் ஒவ்வொரு வகுப்பிலும் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆசானிடம் பணிவாகக் கேளுங்கள்.

கரைவலை இழுத்துப் பழகிய பிள்ளைகள் உங்கள் ஊரில் இருந்தால் அடவு, அதாவது ஆட்டத்தின் காலடி, சீக்கிரம் வந்துவிடும். கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில், ஒரே காலடியில் பின்னுக்கு நகர்கிற பழக்கம் உடம்பில் இருக்கிறது. நின்ற இடத்தில் அடிப்பது வந்ததும் நடக்கவைத்துவிடுங்கள். தப்பு உட்கார்ந்து அடிக்கிற கருவி அல்ல.

ஆசான்களிடம் எத்தனை அடி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சாமிச்சாட்டு அடி, மருள் அடி, சப்பரத்து அடி, டப்பா அடி, ஒத்தையடி, வாழ்த்தடி என்று பல பெயர்கள் தமிழ்நாட்டில் புழங்குகின்றன. உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம், அவர் சொல்கிற பெயரையே எழுதுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், ஆனால் அவரைக் கேட்டுவிட்டு. பொதுவெளியில் போடுவதா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. நெய்தலுக்கு மீன்கோட்பறை, நாவாய்ப்பம்பை என்று பிற்கால இலக்கணம் பெயரே சொல்கிறது. மீன் பிடிப்பதற்கும் கப்பலுக்கும் அடித்த கருவி என்பதைக் கடற்கரைப் பிள்ளைகளிடம் ஒருநாள் சொல்லுங்கள். தப்பு என்றாலே சாவு என்று அவர்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் வந்தால் ஏர்வாடியில் ஃபக்கீர்கள் ஏந்தித் தட்டும் தாயிராவை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். அதுவும் ஒரு பக்கம் தோல் போர்த்திய வட்டம்தான். ஒரு ஃபக்கீரை ஒரு மாலை அழைத்து உட்காரவைக்க முடிந்தால் பெரிய பாக்கியம்.

சாவுக்கு அடிக்கிற அடியைச் சொல்லிக்கொடுக்கலாமா? இந்தக் கேள்வியில் எல்லா வகுப்பும் ஒருநாள் வந்து முட்டும். இசையாகப் பார்த்தால் அதில்தான் ஆழம் அதிகம். ஒரு அடியை நீட்டி, நிறுத்தி, மறுபடி எடுக்கிற விதத்தில் பெரியவர்களின் முழுத் திறமையும் தெரியும். அது அவர்களோடு போய்விடக் கூடாது என்பதுதான் என் ஆசை. ஆனால் "இதை என் பேரனுக்குச் சொல்லித் தரமாட்டேன்" என்று ஆசான் சொன்னால் அங்கே வாதம் செய்யாதீர்கள். அது அவர் உரிமை. அவர் விரும்பினால் கடைசியில், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். வகுப்புப் பிள்ளைகளை இழவு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஊரில் யாராவது கேட்பார்கள். வகுப்பின் பேரில் ஒருபோதும் அனுப்பாதீர்கள். பெரியவனான பிறகு தன் விருப்பத்தில், பேசிய கூலிக்கு, எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கில் ஒருவன் போனால் அது அவன் தொழில். எந்தச் சாதிப் பிள்ளை என்று பார்த்து அழைக்கிற அழைப்புக்கு மட்டும் யாரும் போகக் கூடாது.

பெண் பிள்ளைகளைச் சேருங்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள்தான் பறையைத் தோளில் மாட்டி ஆடுகிறார்கள், பல வருடங்களாக. அவர்கள் ஆட்டத்தை ஒருமுறை பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், வேறு பேச்சே வேண்டாம். அம்மாக்களைச் சம்மதிக்கவைப்பதும் நம் பக்கம் நினைப்பதைப்போல் கஷ்டம் இல்லை. பாம்பன், ஏர்வாடிப் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துக் குடும்பம் நடத்துகிற பெண்கள் அவர்கள். மகள் தப்பு தூக்கினால் என்ன ஆகிவிடும் என்று அவர்களுக்கே தெரியும். அவர்கள் பயப்படுவது இருட்டில் தனியாகத் திரும்பி வருவதற்கு. ஆறு மணிக்கு வகுப்பை முடித்துவிடுங்கள், பெரிய பிள்ளைகளை முடிந்தவரை சேர்த்து அனுப்புங்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். அந்த வருடம் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் போதும் என்று நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் தேர்வு முடிந்து திரும்பி வருவார்கள்.

நாட்காட்டியை ஆசானோடு உட்கார்ந்து போடுங்கள். பங்குனியிலிருந்து வைகாசி வரையும், மறுபடி ஆடியிலும் அவருக்குத் திருவிழா வேலை இருக்கும். அதுதான் அவருடைய வருமானம், அந்த நாளில் வகுப்புக்குக் கூப்பிட்டு நெருக்காதீர்கள். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அண்ணன்மார் கரையில் சும்மா இருப்பார்கள், பள்ளிக்கூடமும் மே மாதம் விடுமுறை. ஆள் கிடைக்கிற காலமும் ஆசான் கிடைக்காத காலமும் ஒன்றாக வருகிறது. இதற்கு ஒரே வழி, இரண்டு ஆசான்களில் ஒருவர் எந்தெந்த நாள் ஊரில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு, தடைக்காலத்தில் காலை நேர வகுப்பு வைப்பதுதான். ஆசான் திருவிழாவுக்கு அடிக்கப் போகும்போது வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஒரு சாமியாட்டத்தில் மருள் அடியை நேரில் பார்த்து வந்த பிள்ளை, வகுப்பில் மூன்று மாதம் புரியாததை மறுநாள் அடித்துக் காட்டும். மழைக்காலத்தில் தோலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வாய்ப்பாடமும் ஃபைபரும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க உதவி பற்றிக் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசான்கள் இருவரும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வகுப்பு தொடங்குமுன் அந்த வேலையை முடியுங்கள். படிவம் நிரப்ப ஆளில்லாமல் விட்டவர்கள் அதிகம். மாவட்ட அளவில் கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று வயது வாரியாக விருதுகள் உண்டு. 18 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு இளமணி, 65 தாண்டிய ஆசானுக்கு முதுமணி. விண்ணப்பம் கேட்கிறபோது ஆசானுக்கு முதலில் போடுங்கள். பள்ளிகளில் 2022-இலிருந்து நடக்கும் கலைத் திருவிழாவில் உங்கள் பிள்ளைகள் கலந்துகொள்ளட்டும். ஆனால் அந்த ஐந்து நிமிட மேடைக்காகவே வகுப்பு நடக்கிறது என்று ஆகிவிட்டால் ஒரே அடியை மெருகேற்றிக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிடுவார்கள். இராமநாதபுரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது; நாதசுரம், தவில் என்று மேலே படிக்க விரும்புகிற பிள்ளைக்கு அந்த வழியைக் காட்டுங்கள்.

நிலைக்குமா என்ற கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடியும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வகுப்பிலிருந்து ஒருவராவது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நிலைக்கு வந்து, அதற்கு நீங்கள் ஒரு சிறு கூலியும் கொடுத்துவிட்டால் நிலைக்கும். எல்லாமே ஆசானின் உடல்நலத்தை நம்பி நடந்தால் நிலைக்காது. அடிக்க இடமும் வேண்டும், மேடையில் மட்டுமல்ல, ஊருக்குள்ளேயே. சிலம்பம் கற்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கு அடிக்கலாம். பொங்கல் விளையாட்டுப் போட்டி, பள்ளி ஆண்டு விழா, தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாபோல எல்லா மதத்தாரும் கூடுகிற இடம், படகு புதிதாகக் கடலில் இறக்குகிற நாள், கல்யாணம் என்று கேட்டுக் கேட்டு வாய்ப்பு வாங்குங்கள். வருகிற பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஆசானுக்கு ஒரு பங்கு, அடித்தவர்களுக்கு ஒரு பங்கு, தோலுக்கும் பழுதுக்கும் ஒரு பங்கு. பிள்ளைகளை இராத்திரி நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகாதீர்கள், பள்ளி நாளில் எங்கேயும் வேண்டாம்.

முதல் அரங்கேற்றத்துக்குப் பொங்கலைக் குறி வையுங்கள். மழை நின்று தோல் கணீரென்று பேசத் தொடங்குகிற நேரம், ஆசானுக்கும் திருவிழா நெருக்கடி இல்லாத மாதம். இப்போதே போய் இரண்டு பெரியவர்களையும் அவரவர் வீட்டில் பார்த்து, கூலியைப் பேசி முடித்து, பரணில் அவர்களிடம் பழைய சட்டம் ஏதாவது கிடக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தோல் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், புதுச் சட்டம் செய்கிற செலவு மிச்சமாகும்.